ஏரியல் இழுக்கும் கைத்தொலைபேசிகள்

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. வடகிழக்கு ஜப்பானில் நிலம் குலுங்கியது. சிறிது நேரத்தில் ஹிரோஷிமாவில் பதினான்கு வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த என்எச்கே செய்திக்கு முன்னால் தன் ஐபோனைப் பிடித்து, யூஸ்ட்ரீம் வழியாக அதை அப்படியே இணையத்தில் ஓடவிட்டான். சட்டப்படி பார்த்தால் திருட்டு ஒளிபரப்பு. ஆனால் என்எச்கேயின் மக்கள் தொடர்பு டுவிட்டர் கணக்கைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அதைத் தடுக்கவில்லை. தொலைக்காட்சி கிடைக்காத இடத்தில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று, மேலிடத்தைக் கேட்காமல் தன் சொந்தப் பொறுப்பிலேயே அந்த இணைப்பைப் பகிர்ந்தார். பின்னர் என்எச்கேயே முறைப்படி இணையத்தில் வர அனுமதித்தது.

இந்தச் சம்பவத்தை இணையத்தின் வெற்றிக் கதையாகத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொரு கேள்வி எழுகிறது. ஜப்பானில் 2006இலிருந்தே கைத்தொலைபேசிக்குள் தொலைக்காட்சி இருந்தது. ஏரியலை இழுத்துவிட்டால் போதும், டேட்டா வேண்டாம், பணம் வேண்டாம், படம் வந்துவிடும். அப்படிப்பட்ட நாட்டில் ஏன் ஒரு பையன் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் தொலைபேசியை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது? அவன் கையில் இருந்தது ஐபோன். அதில் அந்தச் சில்லு கிடையாது. தொலைக்காட்சி நிறுவனங்கள் கைத்தொலைபேசிக்குள் நுழைய முயன்று தோற்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளின் வரலாறு ஏறக்குறைய இந்த ஒரு வரிக்குள் வந்துவிடுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். இது தொழில்நுட்பத் தோல்வி இல்லை. நான் படித்த பொறியியலில் தொடர்பியல் பாடம் நடத்தியவர்கள் இந்த ஒளிபரப்பு முறைகளை ஒரே ஸ்லைடில், "வெற்றிபெறாத தரநிலைகள்" என்ற தலைப்பில் கடந்துபோனார்கள். அந்தத் தலைப்பு சரியில்லை என்று நினைக்கிறேன். பெரும்பாலானவை நன்றாகவே வேலை செய்தன. வேலை செய்த ஒன்று ஏன் காணாமல் போனது என்பதுதான் கதை.

கையடக்கத் தொலைக்காட்சி என்பது பழைய ஆசை. சோனி நிறுவனம் வாட்ச்மேனை 1982இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உட்கார்ந்த இடத்தில் அது ஓரளவு வேலை செய்யும். ஓடும் வண்டியில் வைத்துப் பார்த்தால் பேய்ப்படம்தான். ஒரே அலை கோபுரத்திலிருந்து நேராகவும் வரும், கட்டடங்களில் பட்டுத் திரும்பிச் சற்றுத் தாமதமாகவும் வரும். பழைய அனலாக் முறையில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, ஒரே முகம் இரண்டு மூன்றாகத் தெரியும். இலக்கமுறை ஒளிபரப்பு வந்தபோது இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி பிறந்தது. தகவலை ஒரே வேகமான ஓடையாக அனுப்பாமல் ஆயிரக்கணக்கான மெதுவான ஓடைகளாகப் பிரித்து அனுப்பினால், தாமதமாக வரும் எதிரொலி படத்தைக் கெடுக்காது. ஐரோப்பாவின் டிவிபி-டி இந்த அடிப்படையில் உருவானது.

இதை ஓடும் வண்டியில் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். சிங்கப்பூரில் மீடியாகார்ப் 2001 பிப்ரவரியில் டிவிமொபைல் என்ற சேவையைத் தொடங்கியது. பேருந்துகளுக்குள் திரை வைத்து, டிவிபி-டி வழியாக நேரடி ஒளிபரப்பு. அந்த வயதில் சிங்கப்பூரில் பேருந்து ஏறியவர்களுக்கு நினைவிருக்கலாம். ஓடும் பேருந்தில் படம் உடையாமல் வந்தது. பொறியியல் கணக்கில் அது ஒரு சாதனை. ஆனால் பயணிகள் குறைப்பட்டது படத்தைப் பற்றி அல்ல, சத்தத்தைப் பற்றி. வேலை முடிந்து களைத்துப் போய் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, தான் கேட்காத நிகழ்ச்சியை யாரோ காதுக்குள் ஓட்டினால் எரிச்சல் வராதா? 2010 தொடங்கியபோது அந்தச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குள் பேருந்தில் இருந்தவர்கள் காதில் இயர்போன் மாட்டி, தங்கள் கையில் இருந்ததைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் ஒரே நிகழ்ச்சி என்ற ஒளிபரப்பின் பழைய பழக்கம், தனியாளின் கையிலிருக்கும் திரைக்கு ஒத்துவருமா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

பேருந்துக்கு மின்சாரம் இருக்கிறது, கூரையில் ஏரியல் வைக்கலாம். கைத்தொலைபேசிக்கு இரண்டுமே சிக்கல். யுஎச்எஃப் தொலைக்காட்சி அலை 600 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அலைநீளம் அரை மீட்டர். நல்ல ஏரியல் அதில் கால் பங்காவது இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். அன்றைய கைத்தொலைபேசியின் நீளமே அவ்வளவுதான். அதனால்தான் ஜப்பான், கொரியத் தொலைபேசிகளில் இழுத்து நீட்டும் கம்பி ஏரியல் இருந்தது. பழைய ரேடியோ மாதிரியே. இப்போதைய பிள்ளைகளிடம் அந்தப் படத்தைக் காட்டினால் சிரிப்பார்கள்.

மின்கலத்துக்கு வந்த விடை இதைவிட அழகானது. டிவிபி-எச் என்ற கையடக்கத் தரநிலையில், ஒரு அலைவரிசையின் தகவலைத் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை. சில நொடிகளுக்குத் தேவையானதை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, அடுத்த அலைவரிசைக்குப் போய்விடுவார்கள். தண்ணீர் முறை வைத்து வருகிற வட்டாரத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். குழாயில் தண்ணீர் வருகிற அரை மணி நேரம் எல்லாப் பாத்திரத்தையும் நிரப்பிக்கொள்ள வேண்டும், பிறகு நாள் முழுவதும் அதைப் புழங்க வேண்டும். தொலைபேசியின் அலைவாங்கியும் அப்படித்தான். தன் முறை வரும்போது மட்டும் விழித்து, நிரப்பிக்கொண்டு, தூங்கிவிடும். வாங்கியின் மின்செலவில் 90 விழுக்காடு வரை இதனால் மிச்சமாகும் என்று கணக்கிட்டார்கள்.

ஆக, 2005 வாக்கில் பொறியாளர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள்.

தென்கொரியா முந்திக்கொண்டது. 2005 மே மாதம் எஸ்கே டெலிகாம் குழுமத்தின் டியூ மீடியா, துணைக்கோளம் வழியாகக் கைத்தொலைபேசிக்கு நேராகப் படம் அனுப்பும் கட்டணச் சேவையைத் தொடங்கியது. அதற்கென்றே ஜப்பானியர்களோடு சேர்ந்து ஒரு துணைக்கோளத்தை 2004இல் ஏவியிருந்தார்கள். அதே 2005 டிசம்பர் 1இல் கேபிஎஸ், எம்பிசி, எஸ்பிஎஸ் போன்ற ஒளிபரப்பாளர்கள் தரைவழியாக, இலவசமாக, டி-டிஎம்பி என்ற சேவையைத் தொடங்கினார்கள். காசு கொடுத்துப் பார்ப்பதற்கும் இலவசமாகப் பார்ப்பதற்கும் ஒரே ஆண்டில் போட்டி. யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்கு, தங்கள் நிகழ்ச்சிகளைத் துணைக்கோளச் சேவைக்குத் தர ஒளிபரப்பாளர்கள் நீண்ட நாள் இழுத்தடித்தார்கள். கொரியாவில் மக்கள் பார்க்க விரும்பிய நாடகங்கள் அவர்களிடம்தான் இருந்தன. டியூ மீடியாவின் சேவை 2012இல் மூடப்பட்டது.

ஜெயித்தவர்கள் சம்பாதித்தார்களா என்றால் அதுவும் இல்லை. டி-டிஎம்பியை மக்கள் பார்த்தார்கள், சோல் சுரங்க ரயிலில் பார்த்தார்கள், காரின் வழிகாட்டித் திரையில் பார்த்தார்கள். விளம்பரதாரர்கள் மட்டும் வரவில்லை. ஒரு நாடகத்தை வீட்டில் பார்ப்பவருக்கும் ரயிலில் பார்ப்பவருக்கும் தனித்தனியாக ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தொலைபேசி விற்றவனுக்கு லாபம், பார்த்தவனுக்கு லாபம், அனுப்பியவனுக்குச் செலவு.

ஜப்பானின் ஒன்செக் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அங்கே இலக்கமுறைத் தொலைக்காட்சியின் ஒவ்வொரு 6 மெகாஹெர்ட்ஸ் இடத்தையும் 13 துண்டுகளாகப் பிரித்திருந்தார்கள். 12 துண்டுகளில் வீட்டுக்கான பெரிய படம் போகும். மிச்சமிருந்த ஒரு துண்டில் கைத்தொலைபேசிக்கான சின்னப் படம். ஒரு துண்டு என்பதால்தான் ஒன்செக் என்று பெயர். புதிய கோபுரம் வேண்டாம், புதிய அலைக்கற்றை வேண்டாம், புதிய உரிமம் வேண்டாம். 2006 ஏப்ரல் 1இல் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஜப்பானில் விற்ற கைத்தொலைபேசிகளில் அது சர்வசாதாரணமானது. தொடக்க ஆண்டுகளில் வீட்டுக்குப் போகும் அதே நிகழ்ச்சியைத்தான் அதில் காட்ட முடிந்தது, அதனால் தனி வருமானம் கிடையாது. ஆனால் தனிச் செலவும் பெரிதாக இல்லை. ஓர் ஒளிபரப்பு நிறுவனம் கைத்தொலைபேசியை அடைவதற்கு இதைவிட மலிவான, நேர்மையான வழியை வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் எண்ணம்.

2011 பேரிடரில் அதன் அருமை தெரிந்தது. குரல் அழைப்புகள் குவிந்ததால் தொலைபேசி நிறுவனங்கள் அழைப்புகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. ஒளிபரப்புக்கு அந்த நெரிசல் கிடையாது. கோபுரமும் மின்கலமும் உயிரோடு இருக்கும்வரை, ஒருவர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் கோபுரத்துக்கு ஒன்றுதான். இணையத்தில் அப்படி இல்லை. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு ஓடை திறக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி தேவைப்படுகிற வேளையில்தான் அது திணறும்.

சரி, இவ்வளவு நல்ல விஷயம் ஏன் உலகம் முழுக்கப் பரவவில்லை? அதற்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டும்.

2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய அரசுகள் 3ஜி அலைக்கற்றையை ஏலம் விட்டன. பிரிட்டனில் மட்டும் 2,248 கோடி பவுண்டு. ஜெர்மனியில் ஏறக்குறைய 5,000 கோடி யூரோ. இவ்வளவு காசைக் கொட்டி வாங்கிய பாதையில் ஓடுவதற்கு வண்டி வேண்டுமே? நிமிடத்துக்கு இவ்வளவு, மெகாபைட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கக்கூடிய காணொளிதான் அந்த வண்டி என்று தொலைபேசி நிறுவனங்கள் நம்பின. அந்த நேரத்தில் ஒளிபரப்பாளர் வந்து, உங்கள் தொலைபேசியில் ஒரு சில்லு வையுங்கள், மக்கள் உங்கள் பாதையைத் தொடாமலே இலவசமாகப் படம் பார்ப்பார்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? கைத்தொலைபேசிகளில் பெரும்பகுதியை வாங்கி, மானிய விலையில் மக்களுக்கு விற்றதே இந்த நிறுவனங்கள்தான். எந்தச் சில்லு உள்ளே போக வேண்டும், எது போகக்கூடாது என்பதில் அவர்கள் சொல்லுக்கு எடை அதிகம்.

ஒன்று, தொலைபேசி நிறுவனமே ஒளிபரப்பாளராக மாற வேண்டும். இத்தாலியில் 3 இத்தாலியா அதைச் செய்தது. ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தை வாங்கி, அதன் அலைக்கற்றையைக் கைக்குக் கொண்டுவந்து, 2006 ஜூனில் உலகக் கிண்ணக் காற்பந்துக்குச் சரியாக டிவிபி-எச் சேவையைத் தொடங்கியது. இத்தாலிதான் அந்த முறை கிண்ணத்தையும் வென்றது. இதைவிட நல்ல நேரம் யாருக்கும் அமையாது. அப்படியும் சில ஆண்டுகளுக்கு மேல் அது தாங்கவில்லை. பிரிட்டனில் பிடி நிறுவனமும் வர்ஜின் மொபைலும் சேர்ந்து 2006இல் லோப்ஸ்டர் என்ற பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொலைபேசியை விற்றார்கள். சிங்கி இறால் பெயரை யார் ஒரு தொலைபேசிக்கு வைக்க நினைத்தார்களோ தெரியவில்லை. மறு ஆண்டே சேவையை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். 2008 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் டிவிபி-எச்சைத் தனது அதிகாரபூர்வத் தரநிலைப் பட்டியலில் சேர்த்தது. கல்யாண மண்டபம் காலியான பிறகு பத்திரிகை அடித்தது மாதிரி.

அமெரிக்காவில் குவால்காம் வேறு வழி பார்த்தது. யாரையும் கேட்காமல், தானே 55ஆம் அலைவரிசையின் அலைக்கற்றையை வாங்கி, தானே கோபுரங்களை அமைத்து, மீடியாஃப்ளோ என்ற வலையமைப்பை உருவாக்கியது. வெரைசன் 2007 மார்ச்சிலும் ஏடி அண்ட் டி 2008 மே மாதத்திலும் அதை வைத்துச் சேவை தொடங்கின. கட்டணம் மாதம் ஏறக்குறைய 15 டாலர், அதற்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அலைவரிசைகள். அதே 2007இல் ஐபோன் வந்தது, உள்ளே யூடியூப் இருந்தது. மீடியாஃப்ளோவின் படம் தெளிவாக இருந்தது, யூடியூபின் படம் மங்கலாக இருந்தது, சுற்றிச் சுற்றி நின்றது. மக்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். எட்டு மணிச் செய்தியை எட்டு மணிக்குத்தான் பார்க்க வேண்டும் என்றால், அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைவதில் என்ன பிரயோஜனம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

2010 டிசம்பரில் குவால்காம் அந்த அலைக்கற்றையை ஏடி அண்ட் டிக்கு 192.5 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. 2011 மார்ச் 27இல் ஒளிபரப்பு நின்றது. ஜப்பானில் நிலம் குலுங்கிப் பதினாறு நாள் கழித்து. தொலைக்காட்சி ஓடிய அலைக்கற்றையைவிட, தொலைக்காட்சி காலிசெய்துவிட்டுப் போன அலைக்கற்றைக்கு மதிப்பு அதிகம். இந்த வரலாற்றில் எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வருகிற கணக்கு இதுதான்.

அமெரிக்க ஒளிபரப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. 2009இல் தங்களுக்கென்று ஒரு கையடக்கத் தரநிலையை ஏற்றுக்கொண்டு, 2012இல் டைல் என்ற பெயரில் சேவை தொடங்கினார்கள். மெட்ரோபிசிஎஸ் என்ற சின்ன நிறுவனம் சாம்சங்கின் ஒரே ஒரு மாதிரியில் அதை விற்றது. ஏரியல் இழுக்கும் மாதிரிதான். பெரிய தொலைபேசி நிறுவனங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தியாவில் 2016இல் தூர்தர்ஷன் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 வழியாகக் கைத்தொலைபேசிக்கு இலவச ஒளிபரப்பைத் தொடங்கியது. தொலைபேசியில் சில்லு இல்லாததால், யுஎஸ்பி முனையில் செருகும் தனிக்கருவி ஒன்றை வாங்க வேண்டும். இலவசத் தொலைக்காட்சியைப் பார்க்கக் காசு கொடுத்து ஒரு வால் வாங்க வேண்டும் என்றால் யார் வாங்குவார்கள்? அண்மைக் காலத்தில் ஐஐடி கான்பூரும் பெங்களூரின் சாங்க்யா லேப்ஸ் நிறுவனமும் சேர்ந்து, கோபுரத்திலிருந்து நேரடியாகத் தொலைபேசிக்கு அனுப்பும் முறையைச் சோதித்தன. 2023இல் சில்லு, தொலைபேசி நிறுவனங்கள் அதை எதிர்த்தன. ஒரு தொலைபேசிக்கு 30 டாலர் வரை விலை கூடும் என்றார்கள். அந்தக் கணக்கு சரியா என்பது வேறு விவாதம். சில்லை உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் இடத்தில் ஒளிபரப்பாளர் இல்லை என்பது மட்டும் 2006இலிருந்து மாறவே இல்லை.

இனி நம் ஊருக்கு வரலாம். மலேசியாவில் இந்த வரலாறு ஒரே ஒரு நிறுவனத்தின் பெயர்மாற்றத்தில் அடங்கிவிடுகிறது. 2005இல் ஆஸ்ட்ரோவுக்குப் போட்டியாக மைடிவி என்ற கட்டணத் தொலைக்காட்சி வந்தது. டிஷ் வேண்டாம், யுஎச்எஃப் ஏரியல் போதும் என்றார்கள். தொலைக்காட்சித் தொழில் விரைவிலேயே படுத்துவிட்டது. ஆனால் 2006இல் அந்த நிறுவனத்துக்கு 3ஜி அலைக்கற்றை ஒதுக்கப்பட்டது. அது இன்று யு மொபைல். 2024 நவம்பரில் நாட்டின் இரண்டாவது 5ஜி வலையமைப்பை அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அதே நிறுவனம்தான். தொலைக்காட்சியாகப் பிறந்து, தொலைபேசியாக மாறியதால் பிழைத்த பிள்ளை.

அலைக்கற்றையின் கதையும் அதே திசையில்தான் போனது. 2019 ஜூலையில் லங்காவியில் தொடங்கி, அக்டோபர் 31இல் சபா, சரவாக்கோடு மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு முடிந்தது. மைஃப்ரீவியூ பெட்டி வாங்கி மாட்டியதும், பழைய பெட்டியில் ஒருநாள் காலை வெறும் புள்ளி மழை பெய்ததும் பல வீடுகளில் நடந்தது. தொலைக்காட்சி காலிசெய்த 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைத்தொலைபேசிக்குப் போனது, இன்று 5ஜி அதில் ஓடுகிறது. அந்த அலைக்கற்றையின் பலன் ஒன்றுதான்: குறைந்த அதிர்வெண் என்பதால் வெகுதூரம் போகும், சுவரைத் துளைத்து உள்ளே வரும். அந்த நல்ல குணத்துக்காகத்தான் அந்தக் காலத்தில் அதைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தார்கள். இப்போது அதே குணத்துக்காகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இடத்தைக் கொடுத்த ஒளிபரப்பாளர்கள் கைத்தொலைபேசிக்கு எப்படிப் போனார்கள்? செயலியாகப் போனார்கள். மீடியா பிரிமாவின் டோன்டோன் 2010இல், ஆஸ்ட்ரோவின் ஆன் தி கோ 2012இல், மீடியாகார்ப்பின் டோகல் 2013இல். ஆர்டிஎம்முக்கும் செயலி உண்டு. வானவில்லில் ஓடும் நாடகத்தை வேலைக்குப் போகும் எல்ஆர்டியில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது என்றால் அது பெரிய வசதிதான், மறுக்க முடியாது. ஆனால் ஒளிபரப்பு என்ற வேலையின் அடிப்படைச் சுபாவம் இதில் மாறிவிட்டது. கோபுரம் இருந்தபோது அனுப்புவதற்கான செலவை நிறுவனம் ஏற்றது, நமக்குச் செலவு ஒரு பெட்டியும் ஒரு ஏரியலும்தான். செயலியில் அந்தச் செலவின் ஒரு பகுதியை டேட்டா கட்டணமாக நாம் ஏற்கிறோம். நிறுவனத்துக்கும் லாபமில்லை. ஒவ்வொரு பார்வையாளருக்கும் சர்வர் செலவு கூடிக்கொண்டே போகும். கோபுரக் காலத்தில் ஒரு நிகழ்ச்சி பிரபலமானால் கொண்டாட்டம். இப்போது பிரபலமானால் பில் கூடும்.

காற்பந்து பார்ப்பவர்கள் இதை வேறு விதமாக அறிந்திருப்பார்கள். மாமாக் கடையில் பெரிய திரையில் ஒளிபரப்பு ஓடும், ஓரத்து மேசையில் ஒருவர் தொலைபேசியில் அதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் திரையில் பந்து நடுத்திடலில் இருக்கும்போதே கடை முழுக்க கோல் என்று கத்தும். காணொளியைத் துண்டு துண்டாக வெட்டி, அடுக்கி, அனுப்பி, மறுபடி சேர்ப்பதற்குள் அரை நிமிடம் போய்விடும். நேரடி ஒளிபரப்பு என்று நாம் சொல்வது செயலியில் கொஞ்சம் பழைய செய்தி.

கோலுக்குப் பரவாயில்லை. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது இது வேறு மாதிரி கனத்தது. அந்த ஆண்டு கல்வி அமைச்சு எடுத்த ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. இருந்தவர்களிடமும் பெரும்பாலும் இருந்தது மடிக்கணினி இல்லை, கைத்தொலைபேசிதான். சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுத லைன் கிடைக்காமல் மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்த காணொளியை எல்லாரும் பார்த்தோம். 2021 பிப்ரவரியில் அரசாங்கம் டிடிக் டிவி என்ற கல்வி அலைவரிசையைத் தொடங்கியது. ஆக, கடைசியில் பழைய தொலைக்காட்சியைத்தான் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. கோபுரம் பாடத்தை அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த அலை பிள்ளையின் கையிலிருந்த தொலைபேசி வழியாகவும் கடந்து போனது. ஆனால் அதைப் பிடிக்கும் சில்லு அதில் இல்லை. வீட்டில் ஒரே பெட்டி, அப்பா செய்தி பார்க்கிறார், மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்பு என்றால், மற்ற இருவரும் டேட்டா வாங்க வேண்டும். தோட்டப்புறத்திலும் பிபிஆர் அடுக்ககத்திலும் இருந்த நம் வீடுகளில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒன்செக் மாதிரி ஒரு துண்டை நாமும் ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பதுண்டு. நாம் தேர்ந்தெடுத்த டிவிபி-டி2இல் அப்படிச் செய்ய வழி உண்டு. ஒரே ஒளிபரப்புக்குள் வீட்டுக்கு ஒரு பகுதி, கையடக்கக் கருவிக்கு இன்னும் வலுவான ஒரு பகுதி என்று பிரிக்கலாம். கோபுரத்தின் பக்கம் பெரிய மலையைப் புரட்ட வேண்டியதில்லை. ஆனால் மூன்று கோடிச் சொச்ச மக்கள் உள்ள ஒரு நாட்டுக்காக எந்தத் தொலைபேசி நிறுவனமும் தனிச் சில்லு வைக்காது. ஜப்பானாலேயே ஆப்பிளை அசைக்க முடியவில்லை. அங்கே ஐபோன் விற்ற சாஃப்ட்பேங்க், ஒன்செக் அலையைப் பிடித்து வைஃபை வழியாக ஐபோனுக்கு அனுப்பும் தனிப் பெட்டி ஒன்றை விற்றுப் பார்த்தது. ஐபோன் பரவப் பரவ, ஏரியல் இழுக்கும் மாதிரிகள் குறைந்தன. கடைசி அடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஒன்செக் உள்ள கைத்தொலைபேசி வைத்திருந்தாலும் என்எச்கேக்கு அலைவாங்கிக் கட்டணம் கட்டத்தான் வேண்டும் என்று 2019 மார்ச்சில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இலவசம் என்று நம்பி வாங்கிய சில்லு, வீட்டில் பெட்டியே இல்லாதவனையும் கட்டணக்காரனாக்கியது. அதற்குப் பிறகு ஒன்செக் இல்லாத தொலைபேசியைத் தேடி வாங்குபவர்களைக் குறை சொல்ல முடியுமா? புதிய மாதிரிகளில் அது அரிதாகிப்போனது.

இன்னொன்று இருக்கிறது. பொறியியல் நூல்களில் இது வராது, ஜொகூர்க்காரர்களுக்குத் தெரியும். ஜொகூர் பாருவில் பல ஆண்டுகளாக வீட்டு ஏரியலைத் தெற்கே திருப்பினால் சிங்கப்பூர் ஒளிபரப்பு கிடைக்கும். வசந்தத்தின் நாடகங்களும் தீபாவளி நிகழ்ச்சிகளும் பாலத்துக்கு இந்தப் பக்கமும் பார்க்கப்பட்டன. யாரும் அனுமதி கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. மறுபக்கம் ஆர்டிஎம் அலையும் அப்படியே அங்கே போனது. யுஎச்எஃப் அலைக்குக் குடிநுழைவுச் சோதனை கிடையாது. இதே காரணத்தால்தான் 700 மெகாஹெர்ட்ஸைக் காலிசெய்ய மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா மூன்றும் ஒன்றின் காலை ஒன்று பார்த்து நடக்க வேண்டியிருந்தது. ஒருவர் தொலைக்காட்சி ஓட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அடுத்தவர் தொலைபேசி ஓட்ட முடியாது.

செயலிக்கு அந்தச் சோதனை உண்டு. டோகல் இப்போது மீவாட்ச் ஆகிவிட்டது, அதிலுள்ள பல நிகழ்ச்சிகள் சிங்கப்பூருக்கு வெளியே திறக்காது. உரிமைப் பிரச்சினை, புரிகிறது. ஆனால் காலையில் உட்லண்ட்ஸ் தாண்டி வேலைக்குப் போய், இரவு ஜொகூர் பாருவுக்குத் திரும்புகிற ஒருவரின் கைத்தொலைபேசியில், பாலத்தின் ஏதோ ஓர் இடத்தில் நாடகம் நின்றுவிடும். அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது, கூரையில் துருப்பிடித்த ஏரியல் இன்னும் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தால், மிச்சக் கதையை அதில் பார்க்கலாம்.